சுற்றுச்சூழலுக்காகப் பேசுபவர்களே அதன்படி நடப்பதில்லையே, அவர்கள் பேச்சை நாம் ஏன் கேட்க வேண்டும்?

பாலாற்றில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கக் கோரும் மனுவோடு ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் காரில் வந்தார், கையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார், காலில் தோல் செருப்பு அணிந்திருந்தார். ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிறவரின் மனுவில் நான் எதற்காகக் கையெழுத்திட வேண்டும் என்பது உங்கள் கேள்வி. நான் வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் குப்பை, கழிவுநீர் தொடர்பான வேலைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருவதால் இதே கேள்வியை என்னிடமும் பலர் நேரில் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காரையும் பாட்டிலையும் செருப்பையும் ஒரே தராசில் வைத்து எடைபோட்டது சரியில்லை என்று நினைக்கிறேன்.

செருப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்துக் கதையே அதில்தான் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பழைய வட ஆற்காட்டின் பாலாற்றுப் பகுதி முழுவதும் தோல் தொழில் பரவியிருக்கிறது. இந்த ஊர்களில் ஒரே வீட்டில் தந்தையின் நிலம் ஆலைக் கழிவுநீரால் உவர் பூத்துக் கரம்பாகக் கிடக்கும். மகள் காலையில் ஷூ கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போவாள். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாததால் அவள் சம்பளத்திலிருந்துதான் குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குவார்கள். அந்தத் தந்தை உண்ணாவிரதப் பந்தலில் போய் உட்கார்ந்தால், 'உங்கள் வீட்டுச் சோறே தோல் கம்பெனியில் இருந்துதானே வருகிறது' என்று யார் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். அவர் முரண்படுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. கேடும் பிழைப்பும் ஒரே இடத்திலிருந்து வரும்போது, அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் அவரால் பேச முடியும்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு அப்படிப்பட்ட இடத்திலிருந்து எழுந்ததுதான். 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த அதன் தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதையும், தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்பதையும் பதிவுசெய்தது. வட ஆற்காடு உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் இருந்த தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டைச் செய்யக் கெடுவும் வைத்தது. கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்துபவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது நம் பாலாற்று வழக்கில்தான். கழிவை யார் வெளியேற்றுகிறார்கள், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த அந்தத் தீர்ப்பில், மனுதாரர்களின் காலில் என்ன செருப்பு இருந்தது என்ற கேள்விக்கு இடமே இருக்கவில்லை. அதன்பின்னும் ஆறு தேறிவிடவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கவும், அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆனால் அந்த வழக்கு மட்டும் தொடுக்கப்படாமல் இருந்திருந்தால் கேட்பதற்கு ஒரு சட்டப் பிடிமானம்கூட நமக்குக் கிடைத்திருக்காது.

ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும், தோல் பதனிடும் ரசாயனம் தயாரித்த குரோமேட் ஆலை வளாகத்தில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு பல பத்தாண்டுகளாகக் குவிந்து கிடக்கிறது. நானும் நீங்களும் இன்றே தோல் பொருள்களைத் துறந்துவிட்டாலும் அங்கிருந்து ஒரு பிடி மண்கூடக் குறையாது. ஈயம் கலந்த பெட்ரோலை எதிர்த்துப் பேசியவர்களும் அதே பெட்ரோலைப் போட்டுத்தான் ஸ்கூட்டர் ஓட்டினார்கள், ஏனென்றால் பங்கில் வேறு பெட்ரோல் இல்லை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் அது நிறுத்தப்பட்டபோது, பேசியவர், பேசாதவர், கேலி செய்தவர் என எல்லோருடைய வண்டியும் ஒரே நேரத்தில் மாறியது. இப்படிப்பட்ட மாற்றங்களைக் கேட்டு வாங்குவதற்குத்தான் மனுவும் வழக்கும் கூட்டமும் இருக்கின்றன.

உங்கள் வீட்டுக்கு வந்த மனு எதைப் பற்றியது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேலூர் நகரத்துச் சாக்கடையின் பெரும்பகுதி நிக்கல்சன் கால்வாய் வழியே பாலாற்றுக்குத்தான் போகிறது. மனு கொண்டுவந்தவரின் வீட்டுக் குளியலறைத் தண்ணீரும், கையெழுத்திட மறுத்தவரின் வீட்டுத் தண்ணீரும் அதில் கலந்தே ஓடுகின்றன. இதில் தனிமனித ஒழுக்கத்தால் ஆகக்கூடியது மிகக் குறைவு. காரைப் பற்றி அவ்வளவு உறுதியாக என்னால் சொல்ல முடியாது. காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே டவுன் பஸ் அடிக்கடி வருகிறது. அந்தச் சாலையை ஒட்டிக் குடியிருந்துகொண்டு, தனியாளாகக் காரில் வந்து புகையைப் பற்றிப் பேசுகிறவரிடம் காரணம் கேட்பதில் தவறில்லை. உள்தெருக்களில் இருப்பவருக்கும், மே மாத வெயிலில் முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவருக்கும் நிலைமை வேறு.

முழுத் தூய்மையோடு வாழ்ந்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட கோ. நம்மாழ்வார் 1969-இல் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டு வந்தவர். 2013 டிசம்பர் இறுதியில் உயிர் பிரிந்தபோதும் காவிரிப் படுகையில் மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பயணத்தில்தான் இருந்தார். அவருடைய சொல்லுக்குக் கூடுதல் எடை இருந்தது உண்மை, அது அவர் சம்பாதித்த எடை. ஆனால் அவரைப் போல வாழ்ந்தால்தான் வாயைத் திறக்கலாம் என்று நாம் விதி வைத்தால் பேச ஆளே மிஞ்சமாட்டார்கள், அந்த அமைதி ஆற்றில் கழிவைத் திறந்துவிடுபவர்களுக்கு மிகவும் வசதியாகப் போய்விடும்.

பாட்டில் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம் நிற்கிறேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. தண்ணீர் பாட்டில் அந்தத் தடைப் பட்டியலில் வராவிட்டாலும், வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவதற்கு அரசாணையோ நீதிமன்றமோ தேவையில்லை. பாலாற்றுக் கூட்டம் என்று அழைப்பிதழ் அச்சடித்து, மேடைக்குப் பின்னால் பத்தடி ஃப்ளெக்ஸ் கட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றிய பூங்கொத்து கொடுத்து, நாற்காலிதோறும் குட்டித் தண்ணீர் பாட்டில் வைக்கும் நிகழ்ச்சிகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டம் முடிந்து மேசையைத் துடைக்கும்போது பாதி குடித்து வைத்த பாட்டில்கள்தான் மிஞ்சும். அதைப் பார்த்துக்கொண்டே வெளியேறும் கல்லூரி மாணவர்களிடம் பேச்சாளர் சொன்ன எதுவும் ஒட்டாது. ஷஜீன் அட்டாரி, டேவிட் கிராண்ட்ஸ், எல்கே வெபர் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை உறுதிப்படுத்துகிறது. வீட்டில் மின்சாரத்தையும் பயணத்தில் எரிபொருளையும் தாராளமாகச் செலவிடும் பருவநிலை ஆய்வாளர், சிக்கனமாக இருங்கள் என்று அறிவுரை சொன்னால், மக்கள் அவர்மேல் வைக்கும் நம்பிக்கை வெகுவாகக் குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே, 'சொன்னதைப் பாருங்கள், சொன்னவரைப் பார்க்காதீர்கள்' என்று கேட்பவர்களிடம் கட்டளையிட்டுப் பயனில்லை. மனித மனம் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறது.

எங்கள் சங்கக் கூட்டங்களில் காகிதக் கப்பை நிறுத்திவிட்டு எவர்சில்வர் டம்ளருக்கு மாறியபோது நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் தடைப் பட்டியலில் இருப்பதால் அந்தத் தீர்மானத்தை எல்லோரும் கைதட்டி நிறைவேற்றினார்கள். அடுத்த கூட்டம் முடிந்ததும், கூடத்தைப் பெருக்கித் துடைக்க வரும் பெண்மணி, எச்சில் டம்ளர்கள் குவிந்த தொட்டியின் அருகே நின்றுகொண்டு, "டம்ளர் நல்லதுதான் சார். ஆனா கழுவப்போறது யாருன்னு உங்க தீர்மானத்துல எழுதவே இல்லையே" என்று கேட்டார். கூடத்தில் யாரிடமும் பதில் இல்லை. நாங்கள் பெருமையோடு மூடிவிட்டதாக நினைத்த, சொல்லுக்கும் செயலுக்கும் நடுவிலான இடைவெளியை உண்மையில் அவருடைய உழைப்பைக் கொண்டு, அதுவும் கூலியே பேசாமல், நிரப்பியிருந்தோம். இப்போது தேநீர் குடித்தவர் தம் டம்ளரைத் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. சங்கத் தலைவரும் வரிசையில் நிற்கிறார்.

வீடுகளிலும் இதுவே நடக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகப் பிரிப்பது, பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைப்பது, துணிப்பையைத் துவைத்து மடித்து வைப்பது ஆகிய வேலைகள் பெரும்பாலான வீடுகளில் மனைவியின் தலையிலோ அம்மாவின் தலையிலோதான் விழுகின்றன. மேடையில் பேசுபவர் வீட்டுத் தலைவர். ஒருவரின் சொல்லும் செயலும் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்க்கும்போது, அந்தச் செயலை உண்மையில் செய்வது யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிரித்து வைக்காத குப்பையை வெறுங்கையால் கிளறிப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரிடம் கேட்டால், எந்தத் தெருவில் எந்த வீட்டார் சொன்னபடி நடக்கிறார்கள் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. கணியம்பாடிப் பக்கம், பாலாற்றில் சேரும் நாகநதியை மீட்க, மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் நீர் செறிவூட்டும் கிணறுகளைத் தோண்டியவர்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் வந்த கிராமத்துப் பெண்கள். மேடையேறி முழங்கியவர்கள் அல்லர். எங்கே தோண்ட வேண்டும், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்ற திட்டமும், செய்த வேலைக்குக் கூலியும் இருந்தன. அவர்கள் கைகளால் வேலை நடந்தது. ஏற்பாடு சரியாக இருந்தால் நல்ல நடத்தை தானாக வந்து சேர்கிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இருக்கும் சான்று அது.

என் அனுபவத்தில் உண்மையான போலித்தனம் வெளிப்படும் இடம் செருப்போ காரோ அல்ல. ஒருவர் ஊருக்குக் கேட்கும் விதி, தம் வாசலுக்கு வரும்போது அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அது தெரியும். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று தெருத்தெருவாகப் பேசியவர்களில் சிலர், நில அளவையாளர் சங்கிலியோடு தங்கள் மனைப்பக்கம் வந்ததும் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தியிருக்கிறார்கள். ஆற்றில் சாக்கடை கலக்கிறது என்று கொதித்தவர்கள், பாதாளச் சாக்கடை இணைப்புக்கு முன்பணம் கட்ட வேண்டும், வாசல் சிமெண்ட் தளத்தை உடைக்க வேண்டும் என்றவுடன், 'எல்லோரும் எடுத்தபிறகு பார்க்கலாம்' என்று ஒதுங்கியிருக்கிறார்கள். இவர்களில் பஸ்ஸில் போகிறவர்களும் உண்டு, மஞ்சப்பை தூக்குகிறவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், ஏசி ஓடும் வீட்டில் இருந்துகொண்டே, தம் தெருவில் முதல் ஆளாக இணைப்புக்குப் பணம் கட்டி, அந்த ரசீதைக் காட்டி மற்றவர்களைக் கேட்டவரையும் எனக்குத் தெரியும். அவரை எதிர்த்துப் பேசக் கூட்டத்தில் யாருக்கும் வாய் வரவில்லை.

எனவே அந்த மனுவை மறுபடி கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். நகரத்துக் கழிவுநீர் முழுவதும் சுத்திகரிக்கப்பட்ட பிறகே ஆற்றில் விடப்பட வேண்டும், வீடுகள் அனைத்துக்கும் இணைப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தால், அதன் செலவு மனு கொண்டுவந்தவருக்கும் சேர்ந்தேதான் வரும், தயங்காமல் கையெழுத்திடுங்கள். அவர் வீட்டு இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அவர் நடத்தும் அடுத்த கூட்டத்துக்கும் போய்வாருங்கள். போகும்போது ஒரு குடம் தண்ணீரும் சில டம்ளர்களும் வைக்கச் சொல்லி முன்கூட்டியே ஃபோன் செய்துவிடுங்கள். கழுவுவதற்கு நீங்களும் கொஞ்ச நேரம் கூட இருங்கள்.