டீ ட்ரீ எண்ணெய் தடவிய இடம் எரிகிறது: என்ன செய்வது?

வணக்கம். பருவுக்கு டீ ட்ரீ எண்ணெயை அப்படியே பஞ்சில் தொட்டு வைத்தேன், மூன்றாம் நாளே சிவந்து தோல் உரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றினால் எண்ணெய் போகாது; சாதாரண சமையல் எண்ணெயால் மெதுவாகத் துடைத்து, பிறகு மென்மையான சோப்பு போட்டுக் கழுவுங்கள். தோல் முழுதாக ஆறும்வரை முகத்தில் வேறு மருந்து எதுவும் வேண்டாம்.

நீர்க்காமல் தடவியது ஒரு தவறு. இன்னொன்று, பாட்டில் பழையது என்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் அதன்மேல்தான். காற்றும் வெளிச்சமும் பட்டால் இந்த எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெடும். அப்போது உண்டாகும் பொருள்களே பெரும்பாலும் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. அந்தப் பாட்டிலைத் தூக்கி எறியுங்கள், மனம் கேட்காவிட்டாலும்.

ஆறிய பிறகு மறுபடி முயல நினைத்தால், புதிய பாட்டிலிலிருந்து 2 சொட்டு, 5 மி.லி. ஜோஜோபா எண்ணெயில் கலந்தால் ஏறக்குறைய 2 சதவீதம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பருத்தோலில் துளைகளை அடைக்கும். முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். அங்கே அரிப்போ கொப்புளமோ வந்தால் ஒவ்வாமை என்றே கொள்ளுங்கள்; அது வந்துவிட்டால் அளவைக் குறைத்தும் பயனில்லை.

கண் பக்கம் வீங்கினாலோ நீர் வடிந்தாலோ இன்றே தோல் மருத்துவரிடம் போங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் பாட்டிலைப் பூட்டி வையுங்கள். விழுங்கினால் இது நஞ்சு.