‘ஹிப்போகாம்பஸ் லேசாகச் சுருங்கியுள்ளது’: இந்த ஒரு வரிக்கு எவ்வளவு பயப்படலாம்?

ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: தம்பிக்கு 28 வயது, நான்கு வருடமாக பைபோலார் (அளவு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்), அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இந்த வரி இருந்தது. படித்த நாளிலிருந்து ‘என் மூளை கரையுது, மாத்திரைதான் காரணம்’ என்று சொல்லி மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறான். வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டுமா டாக்டர்?

முதல் வேலை, தம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடும்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். ஹிப்போகாம்பஸ் என்பது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில், இரண்டு பக்கமும் கடல் குதிரை மாதிரி வளைந்து கிடக்கும் பகுதி, நினைவுக்கும் மன அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவும் வேண்டியது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இது சராசரியாகச் சிறியதாக இருக்கிறது என்பது உண்மைதான். 2016-இல் பல நாடுகளின் ஸ்கேன்களைச் சேர்த்து, மனச்சோர்வு உள்ள 1,728 பேரையும் மற்ற 7,199 பேரையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் சுமார் 1.2 சதவீதம். ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 4 மில்லி என்று வைத்துக்கொண்டால் அது ஒரு சொட்டுத் தண்ணீர் அளவு. பைபோலாரில் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் சிறியதுதான். ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியில் மட்டும் தெரிகிற இந்த வித்தியாசத்தைத் தனி ஒருவரின் படத்தில் பிடிக்க முடியாது. நோயுள்ளவர், இல்லாதவர் இரு தரப்பின் அளவுகளும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, எந்த நோயும் இல்லாத பலருக்குத் தம்பியுடையதைவிடச் சிறிய ஹிப்போகாம்பஸ் இருக்கும். போதாததற்கு ரிப்போர்ட்டில் வரும் ‘லேசாக’ என்பது பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொல்வது, அளந்து சொன்னது இல்லை. வேறு மெஷினில் எடுத்தாலோ தலை கொஞ்சம் அசைந்தாலோ கூட அளவு மாறும்.

‘கரையுது’ என்ற சொல்தான் தம்பியை ரொம்ப வதைக்கிறது என்று நினைக்கிறேன். நீண்ட நாள் மன அழுத்தத்தில் நரம்பு செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போவதில்லை, அவற்றின் கிளைகள்தான் குட்டையாகின்றன, இணைப்புகள் குறைகின்றன. விலங்குகளில் அழுத்தத்தை நீக்கியதும் அந்தக் கிளைகள் திரும்ப வளர்ந்ததைப் பார்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன ஆய்விலேயே முதல்முறை மனச்சோர்வு வந்தவர்களிடம் இந்தக் குறைவு தெரியவில்லை, திரும்பத் திரும்ப வந்தவர்களிடமும் இளவயதிலேயே தொடங்கியவர்களிடமும்தான் தெரிந்தது. அதனால்தான் அடுத்த எபிசோட், அதாவது நோய் மறுபடி கிளம்புவது, வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மாத்திரை மேல் போட்ட பழி நியாயமே இல்லை. பைபோலார் உள்ளவர்களின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, சராசரியாகச் சற்று மெலிந்திருக்கிறது. ஆனால் 2018-இல் வெளியான பெரிய ஒப்பீட்டில், லித்தியம் எடுப்பவர்களின் புறணி, அதை எடுக்காதவர்களுடையதைவிடத் தடிமனாக இருந்தது. மருந்துதான் அதற்குக் காரணம் என்று அந்த ஒரு ஆய்வை வைத்தே அடித்துச் சொல்ல மாட்டேன். மூளையைச் சுருக்கும் மருந்து என்ற பயத்துக்கு மட்டும் அதில் இடமில்லை. லித்தியத்தில் கவனிக்க வேண்டியவை வேறு: ரத்தத்தில் மருந்தின் அளவு, சிறுநீரகம், தைராய்டு. அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ, இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட வேண்டியிருந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், லித்தியம் அளவு ஏறிவிடும்.

வருடா வருடம் ஸ்கேன் வேண்டாம். அதைப் பார்த்து எந்த மருந்தையும் மாற்றப்போவதில்லை. தம்பி எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழுந்தான் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து நாலு மணி நேரமே தூங்கி, அப்படியும் சோர்வே இல்லாமல் சுறுசுறுப்பாக இருந்தால் மேனியா, அதாவது அந்த அளவு மீறிய உற்சாக நிலை, தொடங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், உடனே டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், இதுவரை இல்லாத மாதிரி தலைவலி, சில வாரங்களிலேயே மோசமாகும் மறதி, இவற்றில் ஏதாவது வந்தால் அது வேறு விஷயம், அப்போது ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.