இருட்டிக்கொண்டு வரும் மாதங்களில் மட்டும் என் நோட்ஸ் கந்தலாகிவிடுகிறது. நோட்ஸ் எடுக்கும் முறையை மாற்றினால் சரியாகுமா?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். போன வருட நோட்டு கையில் இருந்தால் அதை எடுத்துத் தேதிகளைப் பாருங்கள்.

நீங்கள் கல்லூரியில் படிப்பவர், வீட்டில் யாரோ "போனைக் கீழே வை, எல்லாம் தன்னால் சரியாகும்" என்று சொல்லியிருக்கிறார்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

முதல் வருடம் இது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் முறையில்தான் கோளாறு என்று கார்னெல் முறைக்கு மாறினேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. தாளின் இடது ஓரம் கேள்விகளுக்கு, வலது பக்கம் குறிப்புகளுக்கு, அடியில் கொஞ்சம் இடம் சுருக்கத்துக்கு. நல்ல முறைதான், குறை சொல்லவில்லை. ஸ்கேல் வைத்து ஒரு நோட்டு முழுக்கக் கோடு போட்டு வைத்தேன். டிசம்பர் பக்கங்களில் அந்தக் கோடு மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாம் வருடம் லேப்டாப். அதில் வேறு கூத்து. மனம் மந்தமாக இருக்கும்போது விரல்கள் மட்டும் வேலை செய்யும் போலிருக்கிறது. பேராசிரியர் சொன்ன "பின்னால் கேட்கிறதா?", "அது கிடக்கட்டும்" உட்பட எல்லாவற்றையும் அடித்து வைத்திருக்கிறேன். பாடம் எது, இருமல் எது என்று பிரிக்கவே முடியவில்லை. லேப்டாப்பில் எடுப்பவர்கள் கேட்டதை அப்படியே அடித்துவிடுகிறார்கள், கையால் எழுதுபவர்களுக்குக் கருத்து நன்றாகப் புரிகிறது என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அதையே பிறகு செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. அதனால் பேனாவா கீபோர்டா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

விஷயம் பிடிபட்டது ஒரு வகுப்புத் தோழியால். என் பழைய நோட்டுகளை வாங்கிப் போனவள் மறுநாள் கேட்டாள்: "ஏன், நவம்பர்ல நீ கிளாசுக்கே வரலையா?" நான் ஒரு வகுப்புகூடத் தவறவிடவில்லை! நோட்டுகளை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செப்டம்பரில் ஒரு வகுப்புக்கு நாலு பக்கம், நவம்பர் கடைசியில் அரைப் பக்கம், மார்ச்சில் திரும்பவும் மூன்று, நாலு. இரண்டு வருடமும் இதே கதை. ஒரு பக்கத்தில் தேதி இருக்கிறது, இரண்டு முறை அடிக்கோடிட்ட தலைப்பு இருக்கிறது, மூன்று வரி இருக்கிறது. நாலாவது வரியில் 'ஆகவே' என்று ஒரே சொல். அதற்கப்புறம் பேனா கீழ்நோக்கி வழுக்கிய கோடு. அவ்வளவுதான் அன்றைய பாடம்.

நோட்ஸ் எடுப்பது கை வேலை என்று நினைக்கிறோம். பேசுபவர் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் பேசுவார், நம் கை இருபதைத் தாண்டினால் பெரிது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று நொடிக்கு நொடி முடிவெடுத்தபடியே அடுத்த வாக்கியத்தையும் கேட்க வேண்டும். மனம் சோர்ந்தால் அந்த முடிவெடுக்கும் திறனும் கழன்று போகும். குளிர்காலத்தில் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வைப் பற்றி மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984இலேயே எழுதிவிட்டார்கள். அதிகத் தூக்கம், அதிகப் பசி, கவனம் நிற்காமை எல்லாம் அதில் உண்டு. சிலருக்கு இது கோடையில் வரும், அது தனி ரகம்.

"படிக்காமல் இருக்க வானிலை ஒரு சாக்கா?" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: சாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் மருத்துவர் இல்லை, எனக்கு இருந்தது முழு நோய் என்றும் சொல்லவில்லை. இலேசான சரிவாக இருந்திருக்கலாம். ஆனால் நோட்டில் தேதி இருக்கிறது, அது பொய் சொல்லாது.

பிறகு நான் செய்தது இரண்டே காரியம். இருண்ட மாதங்களில் முழு நோட்ஸ் எடுக்கும் ஆசையை விட்டேன். வகுப்பில் கேட்பது மட்டும், முடிந்த கையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்து மூன்று கேள்விகள் எழுதுவேன். பதில் சாயங்காலம், புத்தகத்தைத் திறக்காமல். இன்னொன்று, காலையில் அரை மணி நேரம் வெளியே நடை, மேலே வெளிச்சம் படுவதற்காக. மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும், வகுப்பறையில் சில நூறுதான். அதையும் ஸ்லைடு தெரியவில்லை என்று அணைத்துவிடுவார்கள், கேட்டால் கண்ணுக்கு இதமாம். இந்தச் சோர்வுக்கென்று முன்னால் உட்காரும் 10,000 லக்ஸ் விளக்குகளும் விற்கிறார்கள். கண்ணில் கோளாறோ பைபோலார் (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும்) சிக்கலோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதன் முன் உட்கார வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல் போனால் நோட்ஸை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நான் பார்க்கத் தாமதித்தேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நோட்டின் அழகுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ தெரியவில்லை. பள்ளியில் ஒரு முறை மார்ஜின் கோணலாக இருந்தது என்று எனக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். பக்கத்து இருக்கைப் பையன் என்னுடையதைப் பார்த்து எழுதியவன், நாலு வண்ணத்தில். அவனுக்கு முழு மதிப்பெண். இத்தனை வருடம் கழித்தும் ஹைலைட்டரைக் கண்டால் எரிச்சல் வருகிறது. சரி, அதை விடுங்கள்.

அந்த 'ஆகவே'க்கு அப்புறம் என்ன வர வேண்டும் என்பது செமஸ்டர் தேர்வில் கேள்வியாகவே வந்தது. பத்து மதிப்பெண். 'ஆகவே' வரை சரியாக எழுதிவிட்டு வந்தேன்.