சைக்கிள் பாதை ஓடையாகிவிட்டது, மண் கொட்டினால் நிற்குமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். டவுனுக்கு வெளியே, ரப்பர் தோட்டத்துக் குன்றில், பழைய மோட்டார் தடத்தை அகலப்படுத்தி நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர் மவுண்டன் பைக் ஓட்டப் பாதை போட்டிருக்கிறார்கள். மூன்று மாத மழையில் நடுவில் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை மண் கொட்டுகிறோம், புதன்கிழமை மழையில் போய்விடுகிறது. செங்கல் உடைசல் போட்டு இறுக்கினால் நிற்குமா அண்ணா? தோட்ட மேனேஜர் வேறு முறைக்கிறார்" என்று கேட்கிறார்.

தம்பி, அந்தச் செங்கல் உடைசல் வேண்டவே வேண்டாம். மண் கொட்டுவதையும் இந்த வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில், மேலே நின்று பார்த்தால் அடிவாரம் வரை ஒரே பார்வையில் தெரிகிறது பாருங்கள், கோளாறே அதுதான். குன்றில் தண்ணீர் எந்தக் கோட்டில் இறங்குமோ அதே கோட்டில் உங்கள் பாதையும் இறங்குகிறது. அங்கே எதைக் கொட்டினாலும் தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு போகும், செங்கலாக இருந்தால் அதன் ஓரத்தில் புதிதாக ஒரு வாய்க்கால் பறித்துக்கொண்டு போகும், அப்புறம் விழுகிறவன் மண்ணில் விழாமல் செங்கலில் விழுவான். நானும் இதைச் செய்தவன்தான். முதல் பாதை போட்டபோது மணல் மூட்டை அடுக்கி ஏழு ஞாயிறு வீணாக்கினேன், எட்டாவது ஞாயிறு மூட்டைகளை அடிவார வாய்க்காலில் பொறுக்கினேன்.

பாதை குன்றைக் குறுக்காகச் சுற்றி இறங்க வேண்டும். எவ்வளவு சாய்வு என்பதற்கு உலகம் முழுக்கப் பாதை போடுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: குன்றின் சரிவில் பாதிக்கு மேல் பாதையின் சரிவு இருக்கக் கூடாது. குன்று 10 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்குகிறது என்றால் பாதை ஒன்றரை மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. அதைத் தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையிலேயே திரும்பி ஓட ஆரம்பிக்கும். அதோடு, பாதை முழுவதற்கும் சராசரி 10 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான இடம்தான் ஆபத்து என்று நினைப்போம், ஆனால் ஏமாற்றுவது சரிவு குறைந்த இடம். குன்றே 8 விழுக்காடுதான் சரிகிறது என்றால் பாதைக்கு 4தான் மிச்சம், அங்கே கொஞ்சம் அசந்தாலும் ஓடைதான்.

அளக்க பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் தெரியுமல்லவா, அது போதும். ஹார்ட்வேர் கடையில் கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் 14 மீட்டர் வாங்குங்கள், காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒருவர் மேலே, ஒருவர் 10 மீட்டர் தள்ளிக் கீழே. மேலே இருப்பவர் தன் முனையைத் தரையோரம் பிடித்து, தண்ணீர் மட்டம் தரையைத் தொடுகிற மாதிரி வைக்க வேண்டும். கீழே இருப்பவர் தன் முனையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று டேப்பில் பார்க்க வேண்டும். 70 சென்டிமீட்டர் என்றால் 7 விழுக்காடு. அந்த இடத்தில் கம்பு நட்டு ரிப்பன் கட்டிவிட்டு அடுத்த 10 மீட்டர். மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் முழுப் பாதைக்கும் ரிப்பன் கட்டி, ஒரு வாரம் விட்டு, மறுபடி நடந்து பாருங்கள். பாதி ரிப்பனை இடம் மாற்றுவீர்கள், பந்தயம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் தோட்டத்துக் குன்றுகளில் மரம் நட வெட்டிய படிகள் ஏற்கனவே குன்றைச் சுற்றித்தான் போகின்றன, அதிலேயே ஓட்டலாமே என்று தோன்றும். ஆனால் அந்தப் படிகளை மலைப்பக்கம் உள்சாய்வாக வெட்டியிருப்பார்கள், மழைத்தண்ணீரும் உரமும் மரத்தடியில் தங்குவதற்காக. மரத்துக்கு நல்லது, சைக்கிளுக்கு சேற்றுக்குழி, கொசுவுக்குக் கொண்டாட்டம். நமக்கு வேண்டியது நேர் எதிர்: வெளிப்பக்கம் 5 விழுக்காடு அளவுக்குச் சாய்ந்த தளம், தண்ணீர் தாள் மாதிரி பரவி அப்படியே கீழே இறங்கிவிட வேண்டும். அதனால் படிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடைப்பட்ட சரிவில் வெட்டுங்கள்.

வெட்டும்போது சருகு, வேர், கறுப்பு மண் எல்லாவற்றையும் வழித்து எடுத்து, கீழே இருக்கிற கெட்டிச் செம்மண் வரும் வரை போக வேண்டும். அந்தக் கறுப்பு மண்ணை வைத்து வளைவில் சாய்வுமேடு கட்டாதீர்கள், மக்கி அமுங்கிவிடும். தளத்தின் முழு அகலமும் வெட்டிய மண்ணிலேயே இருக்கட்டும். பாதி வெட்டி, வெட்டிய மண்ணை ஓரத்தில் கொட்டி அகலமாக்கினால் அந்த ஓரம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. எடுத்த மண்ணைக் கீழ்ச்சரிவில் தூரமாக வீசிப் பரப்பிவிடுங்கள், ஓரத்தில் வரப்பு மாதிரி விட்டால் தண்ணீரை நீங்களே பாதைக்குள் பூட்டிவைத்த கதை.

இதெல்லாம் செய்தாலும் சில மாதத்தில் டயர் பட்டு நடு பள்ளமாகும், வெளிச்சாய்வு போய்விடும். அதற்குத்தான் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை பாதை இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்கு லேசாக ஏறி மறுபடி இறங்க வேண்டும். அந்தத் தாழ்வில் தண்ணீர் வெளியேறும். ஓட்டுகிறவனுக்கு அது ஒரு துள்ளல், காசில்லாமல் கிடைக்கிறது. குறுக்கே கட்டை போட்டுத் தண்ணீரைத் திருப்புவார்கள் சிலர், சைக்கிளுக்கு அது சரிப்படாது: ஈரக் கட்டையில் சக்கரம் வழுக்கும், கட்டையைச் சுற்றி ஓட்டி இன்னொரு தடம் விழும்.

பழைய ஓடையை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். உச்சியில் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, ஓடைக்குள் சில மீட்டருக்கு ஒன்றாகக் கட்டைகளைக் குறுக்கே புதைத்தால் வண்டல் தங்கும். மேலே கிளைகளைக் குவித்து மூடுங்கள். வழி தெரிந்தால் யாராவது ஒருவன் நேராக இறங்கத்தான் செய்வான்.

ரப்பர் காட்டுக்கென்று சில விஷயங்கள். ரிப்பன் கட்டும்போதே மரங்களின் அடியைப் பாருங்கள், வேர்க்கழுத்தில் வெள்ளை நூல் படர்ந்தது போல இருந்தால் வெள்ளை வேர் நோய், அந்த மரம் சொல்லாமல் கொள்ளாமல் சாயும், பாதையை நகர்த்துங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும். முழுவதையும் பெருக்கித் தள்ளாதீர்கள், மழைத்துளி மண்ணை அடிக்காமல் காப்பது அதுதான். தண்ணீர் வெளியேறுகிற வாய்களை மட்டும் சுத்தம் செய்தால் போதும். கொட்டை வெடிக்கிற காலத்தில் வளைவுகளில் மட்டும் பெருக்குங்கள், ரப்பர் கொட்டை மேல் முன்சக்கரம் ஏறினால் என்ன ஆகும் என்று என் இடது முழங்கையைக் கேளுங்கள்.

மேனேஜர் விஷயம். அவர் முறைப்பதில் நியாயம் இருக்கிறது. அது அவர் பொறுப்பில் உள்ள நிலம், நீங்கள் கேட்காமல் வெட்டியிருக்கிறீர்கள், அந்த ஓடை வழியாகத் தோட்டத்து மேல்மண் போகிறது. போய்ப் பாருங்கள், ஆனால் வெறுங்கையோடு வேண்டாம்: பழைய ஓடையை மூடுவோம், புதிய பாதை இந்த ரிப்பன் கோடு, பால் வெட்டும் நேரத்தில் வரமாட்டோம், அதாவது மதியத்துக்கு முன் ஓட்டமாட்டோம், மருந்தடிக்கும் நாளில் நீங்கள் சொன்னால் மூடிவிடுவோம் என்று ஒரு தாளில் எழுதி, வரைபடத்தோடு கொடுங்கள். குழுவைச் சங்கமாகப் பதிந்து, விபத்துக் காப்புறுதி எடுத்திருந்தால் பேச்சு சுலபமாகும். கோலாலம்பூர் புக்கிட் கியாராவும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான், அங்கே இருக்கிற பாதைகளைத் தன்னார்வலர்கள் கையால் வெட்டிப் பராமரித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். மறுநடவு வந்தால் பாதை போய்விடும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ரப்பருக்கு ஆயுள் இருபத்தைந்து வருடம் போல, அப்புறம் மொத்தமாகச் சாய்ப்பார்கள்.

அவர் மாட்டேன் என்றால் மாட்டேன்தான், வேறு குன்று பாருங்கள். பக்கத்தில் வனக் காப்பகம் இருக்கிறதே என்று அங்கே நுழையாதீர்கள், அதற்கு வனத்துறை அனுமதி தனி.

சரி என்றால், முதல் 50 மீட்டர் மட்டும் வெட்டிவிட்டு நிறுத்துங்கள். இடி மின்னல் அடங்கி மழை மட்டும் பெய்கிற நேரமாகப் பார்த்து, குடையோடு போய் நின்று தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். அடுத்த முறை படம் அனுப்பும்போது வெயிலில் எடுத்தது வேண்டாம், அந்த மழையில் எடுத்ததை அனுப்புங்கள்.