யார் கணக்கில் எழுதுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் பற்றி 2014இல் வந்த படத்தைச் சென்ற வாரம்தான் பார்த்தேன். கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் ஐந்து ஆண்டுகள் நடந்த வேலைநிறுத்தம் பற்றி அதற்குமுன் எனக்கு ஒன்றுமே தெரியாது. சில இடங்களில் கண் கலங்கிவிட்டது. நண்பரிடம் சொன்னேன். "அதில் பாதி சரித்திரமே இல்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லோரையும் காட்ட முடியுமா? தெரியாதவனுக்குத் தெரியவைத்ததே பெரிய விஷயம் இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாதி என்று உங்கள் நண்பர் சொல்வது மிகை. சாவேஸ் 25 நாள் உண்ணாநோன்பு இருந்தது நிஜம். 1968 மார்ச்சில் செனட்டர் ராபர்ட் கென்னடி பக்கத்தில் அமர்ந்திருக்க அதை முடித்ததும், 1970 ஜூலையில் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் நிஜம். வீட்டுக்குள் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதைக் கற்பனை செய்வதோ, மூன்று கூட்டங்களை ஒன்றாக்குவதோ எனக்குக் குறையாகப் படுவதில்லை. சினிமா அப்படித்தான் எடுக்க முடியும். ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர் சாவேஸ் அல்ல. 1965 செப்டம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் டெலானோ ஊரில் முதலில் வேலையை நிறுத்தியவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பிலிப்பினோத் தொழிலாளர்கள். அவர்களின் தலைவர் லாரி இட்லியோங். வாயில் எப்போதும் சுருட்டு. விபத்தில் மூன்று விரல்களை இழந்தவர். கேட்ட கூலி மணிக்கு 1 டாலர் 40 சென்ட். பலர் வயதானவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள். இளைஞர்களாக வந்திறங்கிய காலத்தில் சொந்த நாட்டுப் பெண்கள் அங்கே மிகக் குறைவு. வெள்ளைக்காரப் பெண்ணை மணக்க 1948 வரை கலிஃபோர்னியச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் தோட்டத்து முகாம்தான் வீடு, நம் தேயிலைத் தோட்டத்து லயன்களைப் போல. வேலைக்குப் போக மாட்டோம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளிகள் தண்ணீரை நிறுத்தினார்கள், காஸை நிறுத்தினார்கள், மின்சாரத்தைத் துண்டித்தார்கள். பிறகு ஆட்களையே வெளியேற்றினார்கள்.

சாவேஸின் சங்கத்தில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர். பெரிய வேலைநிறுத்தத்துக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளாவது வேண்டும் என்பது அவர் கணக்கு. பிலிப்பினோக்கள் நிறுத்தினால் மெக்சிகோக்காரர்களை இறக்குவது, இவர்கள் நிறுத்தினால் அவர்களை இறக்குவது என்பது முதலாளிகளின் பழைய வித்தை. ஆகவே அந்த வாரம் சாவேஸின் ஆட்கள் முன்னால் இருந்தது ஒரே கேள்விதான்: கூடச் சேர்வதா, கருங்காலி ஆவதா? செப்டம்பர் 16, மெக்சிகோவின் விடுதலை நாள். அன்று டெலானோவின் மாதா கோவில் மண்டபத்தில் கூடி, சேர்வது என்று முடிவெடுத்தார்கள்.

ஒரு இயக்குநருக்கு இதைவிட நல்ல காட்சி எங்கே கிடைக்கும்? தயாராகாத தலைவன்; அவனுக்காகக் காத்திராமல் களத்தில் இறங்கிவிட்ட பக்கத்து ஆட்கள். படத்தில் இட்லியோங் ஓரமாக வந்துபோகிறார். பிலிப்பினோ அமெரிக்கர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. என் வருத்தம் வேறு: படம் தன் சொந்தக் கதையின் உச்சத்தையே கைநழுவ விட்டுவிட்டது.

லண்டன் காட்சியும் அப்படித்தான். திராட்சையை இறக்க வேண்டாம் என்று துறைமுகத் தொழிலாளர்களைத் திரட்ட சாவேஸே அங்கே போவதாகக் காட்டுகிறார்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்தவர் சங்கம் அனுப்பிய ஓர் இளம்பெண், தொண்டர். திராட்சையை வாங்காதீர்கள் என்ற புறக்கணிப்பு ஜெயித்ததே இப்படி முகம் தெரியாத ஆட்கள் ஊர் ஊராகப் போய் நின்றதால்தான். நம் ஊரிலும் 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் என்றால் வாடியா பெயர் உடனே வரும். அவரைத் தேடிப் போய் அழைத்துவந்த செல்வபதி செட்டியாரையும் ராமானுஜுலு நாயுடுவையும் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாதவனுக்குத் தெரியவைத்ததே போதாதா என்கிறீர்கள். தெரியாதவனிடம்தானே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? தெரிந்தவன் தானே திருத்திக்கொள்வான்.

1970 ஒப்பந்தத்தோடு படத்தை முடித்தது அவர்கள் உரிமை. ஆனால் அந்த இடம் ரொம்ப வசதியான இடம். மறு ஆண்டே இட்லியோங், இரு தரப்பும் ஒன்றாகியிருந்த சங்கத்தை விட்டு விலகினார். 1977இல் சாவேஸ், சர்வாதிகாரி மார்க்கோஸின் அழைப்பை ஏற்று பிலிப்பைன்ஸுக்குப் போனார்; பழைய தோழர்கள் பலர் மனம் விட்டுப்போனார்கள்.

நடுவே ஒன்று நடந்தது. குடும்பமில்லாத அந்த வயதானவர்கள் கடைசிக் காலத்தில் தங்குவதற்காக 1974இல் சங்கம் டெலானோவில் ஒரு குடியிருப்பு கட்டிக்கொடுத்தது. மறியலில் நின்றபோது மாரடைப்பில் இறந்த அக்பயானி என்ற பிலிப்பினோத் தொழிலாளியின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1988இல், அறுபதைத் தாண்டிய சாவேஸ் தன் மிக நீண்ட உண்ணாநோன்பை, 36 நாட்கள், அந்தக் குடியிருப்பின் ஓர் அறையில்தான் இருந்தார்.