கொதிக்க வைத்தால் மட்டும் போதாது

ஆற்றோரம் குப்பை கொட்டத் தொடங்கியபின் கிணற்று நீரில் வாடை வீசுகிறது, கைக்குழந்தைக்கு அதைக் கொதிக்க வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து கொடுக்காதீர்கள். நன்கு கொதித்தால் நோய்க்கிருமிகள் அழிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் குப்பையிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் மண்ணில் ஊறி இறங்கும் நைட்ரேட் என்ற உப்பும் ஈயம் போன்ற கன உலோகங்களும் அதனால் நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் பச்சிளங்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும் என்பதாலேயே, உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஈ.கோலை (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா), நைட்ரேட், ஈயம் மூன்றையும் எழுதிக் கேளுங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரையே பயன்படுத்துங்கள். அறிக்கை கிடைத்ததும் அதன் நகலை இணைத்து உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.