பின்னத்தின் கீழே ரூட் இருந்தால் அதை ஏன் நீக்க வேண்டும்? பள்ளியில் படித்த கணக்கை மறக்காமல் இருக்க என்ன வழி?

உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். விடையை 1/√2 என்று விட்டதற்கு அரை மதிப்பெண் போய்விட்டது. "கால்குலேட்டர் இருக்கும்போது இது எதுக்கு?" என்று பையன் கேட்டதற்கு உங்களுக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்கே கணக்கெல்லாம் மறந்துவிட்டது, திரும்பப் பிடிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்திருக்கும் இரண்டு பதில்களும் "பரீட்சைக்கு மட்டும்தான், அதற்கப்புறம் வாழ்க்கையில் எங்கேயும் வராது" என்று சொல்கின்றன. அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் கணக்கு ஆசிரியர் இல்லை. ஐடிஐ முடித்துவிட்டு கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதிதாக ஒயர் சுற்றிக் கொடுக்கும் கடை, நடத்துகிறேன், முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு ரூட் கணக்கு வந்தது, வந்துகொண்டே இருக்கிறது.

முதலில் பையனின் கேள்வி. கீழே ரூட் இருப்பது தவறு கிடையாது. 1/√2 என்பதும் √2/2 என்பதும் ஒரே எண்தான். கையால் வகுத்த காலத்தில்தான் இந்தப் பழக்கத்தின் காரணம் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் எங்கள் அரசுப் பள்ளியின் கணக்கு வாத்தியார். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்து, என்னை இடது பக்கமும் இன்னொரு பையனை வலது பக்கமும் நிறுத்தினார். எனக்கு 1 ÷ 1.414. அவனுக்கு 1.414 ÷ 2. "ரெண்டும் ஒரே விடைதான், ஆரம்பிங்க" என்றார்.

நான் 1414-ஐ ஏழால் பெருக்கி 9898 என்று எழுதி, மீதி 102 என்று கழித்து, அடுத்த சுழியை இறக்கி, அது போதாமல் விடையில் ஒரு சுழி போட்டு, மறுபடி இன்னொரு சுழியை இறக்கிக்கொண்டிருந்தேன். அவன் 0.707 என்று எழுதிவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டான். வகுக்கும் எண் 2 ஆக இருந்தால் சின்னப் பிள்ளையும் வகுக்கும். 1.41421356 என்று முடிவில்லாமல் போகும் எண்ணால் வகுப்பது தண்டனை. அதனால் ரூட்டை மேலே ஏற்றிவிட்டு, கீழே முழு எண்ணை வைத்தார்கள். பாடப்புத்தகத்தில் பகுதியை விகிதமுறு எண்ணாக்குவது என்று பெரிய பெயரில் வருவது இவ்வளவுதான். ஒரு துளி உண்மை அதில் இன்னும் இருக்கிறது: விடையை எல்லோரும் ஒரே வடிவத்தில் எழுதினால் திருத்துபவருக்கும் சரி, அடுத்த வரியில் கூட்டிக் கழிப்பவருக்கும் சரி, ஒத்துப்பார்ப்பது சுலபம்.

இனி என் கதை. 1999. பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை, பெயர் வேண்டாம். அங்கே காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட்டில் ஃபேன் ஓட்டும் 20 எச்.பி. மோட்டார் ஒன்று நாலு மாதத்தில் இரண்டு தடவை எரிந்து என் கடைக்கு வந்தது. முதல் தடவை காயில் கட்டி, கரண்ட் கசியாமலிருக்க மேலே வார்னிஷ் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது தடவை வந்தபோது, "உன் வேலை சரியில்லை, வார்னிஷ் சரியாப் போடல" என்று மில் ஆட்கள் சொல்லிவிட்டு முதல் பில்லையும் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

காயில்கள் உட்கார்ந்திருக்கும் சுற்றாத பகுதியான ஸ்டேட்டரைத் திறந்து பார்த்தேன். மூன்று ஃபேஸ் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தன. ஒரு ஃபேஸ் விட்டுப்போய் மோட்டார் ஓடியிருந்தால் ஒன்றோ இரண்டோ தொகுதி மட்டும் கருகி மற்றது பளபளவென்று இருக்கும். வார்னிஷ் கோளாறு என்றால் ஓர் இடத்தில் ஷார்ட் ஆகி அங்கே மட்டும் பொத்துக்கொண்டிருக்கும். மொத்தமும் சீராகக் கருகினால் அது ஓவர்லோடு. மோட்டார் மணிக்கணக்கில் வெந்திருக்கிறது. அப்படியானால், கரண்ட் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஓவர்லோடு ரிலே ஏன் டிரிப் ஆகவில்லை?

மறுபடி கட்டிக்கொண்டு நானே மில்லுக்குப் போனேன். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், அதாவது மோட்டாரை ஸ்டார் இணைப்பில் கிளப்பிவிட்டு, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றி ஓடவிடுவது. பேனலைத் திறந்தால் ரிலேயின் டயல் 27-இல் நிற்கிறது. மோட்டார் நேம்பிளேட்டிலும் 27 ஆம்பியர். எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நேம்பிளேட்ல 27 இருக்குது, ரிலேல 27 இருக்குது. அப்புறம் என்னங்க?"

ரிலே எந்த ஒயரில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன். அது மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான மெயின் காண்டாக்டருக்கு அப்புறம், காயிலுக்குப் போகும் ஒயரில் இருந்தது. மூன்று காயிலும் முக்கோணமாகச் சேர்ந்த டெல்டாவில் ஓடும்போது வெளியிலிருந்து வரும் 27 ஆம்பியர் முழுதும் ஒரு காயிலுக்குள் போவதில்லை. ஒவ்வொரு காயிலுக்கும் போவது 27/√3. அதாவது ரிலேயின் கண்ணுக்குத் தெரிவது அந்தக் குறைந்த கரண்ட் மட்டும்தான். சட்டைப்பையில் பென்சில் இருந்தது, கால்குலேட்டர் இல்லை. பேனல் கதவின் உள்பக்கத்திலேயே எழுதினேன்:

27/√3 = 27√3/3 = 9√3 = 9 × 1.732 = 15.588

நாலு வினாடிக்கு மேல் ஆகியிருக்காது. 27-ஐ 1.732-ஆல் வகுக்க நின்றிருந்தால் அந்த மனிதர் முன்னால் எனக்கு வேர்த்திருக்கும். ரிலே நிற்க வேண்டிய இடம் 15.6. 27-இல் வைத்தால் அது எப்போது டிரிப் ஆகும்? அது திருப்பிப் போடும் கணக்கு: 27 × 1.732, கிட்டத்தட்ட 46.8. வெளியே 46 ஆம்பியர் போனாலும் அந்த ரிலே சும்மா இருக்கும். 27-க்குக் கட்டிய காயில் அதற்குள் வெந்துவிடும்.

அவர் நம்பவில்லை. சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று மோட்டாரை ஏற்றி ஓடவிட்டு ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரைப் போட்டோம். வெளி ஒயரில் 33. ரிலே ஒயரில் 19. நான் மனதுக்குள் 33/√3 என்றால் 11√3, அது 19.05 என்று போட்டுவிட்டுத்தான் மீட்டரைப் பார்த்தேன். அந்த 19-ஐ முள் காட்டியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்ல வரவில்லை. 33 ஏன் வந்தது என்றால், காற்று அதிகம் வேண்டும் என்று மோட்டார் புல்லியைப் பெரிதாக மாற்றியிருந்தார்கள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. 14 முதல் 23 வரை உள்ள ரிலே ஒன்றை வாங்கிப் போட்டு 15.6-இல் வைத்ததும் சில நிமிடத்தில் டிரிப் ஆனது. பழைய புல்லியை மாட்டினார்கள். அதற்கப்புறம் அந்த மோட்டார் 2011-இல்தான் என் கடைக்கு வந்தது, அதுவும் பேரிங் மாற்ற.

எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் உடனே வந்து "எல்லா ஸ்டார்ட்டரிலும் ரிலே அங்கே இருக்காது, லைனில் இருந்தால் முழு கரண்டுக்குத்தான் வைக்க வேண்டும்" என்று எழுதுவீர்கள். தெரியும். அதனால்தான் முதலில் ஒயரைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். "0.58-ஆல் பெருக்கினால் போதுமே, ரூட் எதற்கு?" என்றும் ஒருவர் கேட்பார். அந்த 0.58 எங்கிருந்து வந்தது? 1/√3-ஐ √3/3 ஆக்கி, 1.732-ஐ மூன்றால் வகுத்தால் 0.577. அதை முழுமைப்படுத்தியதுதான் அது. எண்ணை மனப்பாடம் செய்தவர் ஒருநாள் அதை 0.85 என்று மாற்றி நினைத்துக்கொள்வார். வழி தெரிந்தவர் மாற மாட்டார்.

அந்த முதல் பில் பணம் கடைசிவரை வரவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எனாமல் காப்பர் ஒயருக்குக் கடைக்காரர் கைமேல் காசு கேட்பார். கட்டிக் கொடுத்த மோட்டாருக்கு மில்லில் தொண்ணூறு நாள் என்பார்கள், அது நூற்றைம்பது நாளாகும். கேட்கப்போனால் வாசலில் உட்காரவைத்து, "ஒயர் சுத்துற வேலைதானே, இதுக்கு இவ்வளவா?" என்பார்கள். எத்தனை சுற்று, எந்த கேஜ், எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்கு என்று ஒரு கணக்கு தப்பினாலும் மோட்டார் ஓடாது. என்னோடு ஐடிஐ படித்த மூன்று பேர் இந்தக் கடனாலேயே கடையை மூடினார்கள். நல்ல வேலைக்காரர்கள். இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். இரண்டு ரூட் சேர்ந்து கீழே வந்தால்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். 4/(√7 − √3) என்று இருந்தால், கீழே இருப்பதையே மறுபடி மேலும் கீழும் பெருக்கிவிடுவார்கள். அப்போது கீழே 10 − 2√21 வரும், ரூட் போகாது. நடுவில் உள்ள குறியை மாற்றி √7 + √3-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். கீழே 7 − 3, அதாவது 4. மேலே உள்ள 4-ம் அதுவும் அடிபட்டு √7 + √3 மட்டும் நிற்கும். அடுத்து, அவசரப்பட்டுப் பெருக்க ஆரம்பிப்பதற்கு முன் ரூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். √12/√75 என்பதைப் பார்த்ததும் √75-ஆல் மேலும் கீழும் பெருக்குகிறவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே ரூட்டுக்குள் போட்டால் 12/75, அது 4/25, விடை 2/5. ரூட்டே இல்லை.

ஆனால் "எப்போதும் ரூட் மேலேதான் இருக்க வேண்டும்" என்று பையன் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். √1001 − √1000 எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு தசம இடத்தோடு போட்டால் 31.64 − 31.62, விடை 0.02. அது ரொம்பத் தோராயம். அதையே 1/(√1001 + √1000) என்று ரூட்டைக் கீழே இறக்கி எழுதினால் 1/63.26, விடை 0.0158. உண்மையான விடையும் 0.0158-தான். ரொம்பப் பக்கத்தில் உள்ள இரண்டு எண்களைக் கழித்தால் உருப்படியான இலக்கமெல்லாம் அடிபட்டுப் போகிறது. அங்கே ரூட் கீழே இருப்பதே நல்லது. டீச்சர் குறைத்த அரை மதிப்பெண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், சுருக்கி எழுதச் சொல்லியிருந்தால் அவர் செய்தது சரி. ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கடைசியாக உங்களுக்கு. ஆப், புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். கடையில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் இன்றைய தேதியை வைத்துக் கணக்குப் போடுவேன். 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். √18 = 3√2. 18/√2 = 9√2. 18/√3 = 6√3. அப்புறம் தேதியையும் நேற்றைய தேதியையும் சேர்த்து ஒன்று: 1/(√18 − √17). குறியை மாற்றிப் பெருக்கினால் கீழே 18 − 17, அதாவது 1. விடை √18 + √17. அதன் மதிப்பைக் கால்குலேட்டர் இல்லாமல் போட வேண்டும். 17-க்குப் பக்கத்து வர்க்கம் 16, ரூட் 4. மிச்சம் 1-ஐ நாலின் இரண்டு மடங்கான எட்டால் வகுத்தால் 0.125. ஆக √17 சுமார் 4.125. √18-க்கு 3 × 1.414 = 4.242. கூட்டினால் 8.367. அதற்கப்புறம்தான் செல்போனை எடுத்துச் சரிபார்ப்பேன். 8.3657 என்று காட்டும். எழுதிய பிறகு பார்க்க வேண்டும், முன்னால் பார்த்துவிட்டால் கை வேலை செய்யாது. மொத்தம் பத்து நிமிடம்.

ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது. 2016-இல் கை முறிந்து இரண்டு மாதம் விட்டேன். திரும்ப உட்கார்ந்தபோது √50 என்பது 5√2 என்று தோன்றவே நேரம் எடுத்தது. ஒரு வாரத்தில் பழையபடி வந்துவிட்டது. இருபது வருடம் விட்ட உங்களுக்கு ஒரு மாதம் ஆகலாம். முதல் பத்து நாள் √8, √12, √18, √20 என்று உள்ளே இருக்கும் வர்க்கத்தை வெளியே எடுப்பதை மட்டும் செய்யுங்கள். பின்னத்துக்குப் பிறகு போகலாம். பையனையும் பக்கத்தில் உட்காரவைத்தால் இன்னும் நல்லது, தாளில் இருவருக்கும் இடம் இருக்கிறது.

என் கடையில் வேலை பழகும் இரண்டு தம்பிகளும் இப்போது அந்தத் தாளுக்குக் காத்திருக்கிறார்கள். இன்று தேதி 24. பெரியவன் 24/√3 = 8√3 என்று எழுதிவிட்டான். சின்னவன் இன்னும் 1/(√24 − √23)-இல் இருக்கிறான். 23-க்குப் பக்கத்தில் 25 இருப்பதை அவன் இன்னும் கவனிக்கவில்லை. நான் சொல்லவில்லை.